நொச்சிப்பாறையில் நீராதாரம் இல்லை

ஏப்ரல் 3, வியாழன்

நொச்சிப்பாறையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த ஊர் வி.ஏ.ஓ. தம்பி மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டானாம். அவன் எழுந்து வரும்வரை எனக்குக் கூடுதல் பொறுப்பு. என் பொறுப்பில் உள்ள ஆவரந்தலை ஒன்றைக் கட்டி மேய்க்கவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, இத்தனைக்கும் ஒரே பிரிண்டர். அதுவும் மூன்று தாளுக்கு ஒரு தாளைத் தின்றுவிடும்.

"சண்முகவடிவு மேடத்துக்கு அந்த ஊர் பழக்கம்தானே" என்று தாசில்தார் ஆபீசில் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது யாரென்று தெரிந்தால் அவர்களுக்குச் சீனி போடாமல் டீ கொடுக்கலாம். பழக்கம்தான், ஐந்து வருஷத்துக்கு முன்னால் பதினோரு மாதம் அங்கே வி.ஏ.ஓ.வாக இருந்தேன். யாரோடும் எனக்குப் பகை இல்லை.

இந்த டைரி நொச்சிப்பாறைக் கல்குவாரிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. நான் கேட்கவில்லை. மேலாளர் ஜெபசிங் தானே வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தாள் நன்றாக இருக்கிறது, வீணாக்குவானேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தாலுகா ஆபீசில் கூட்டம். குவாரி விதிகளைத் திருத்தப் போகிறார்களாம். வரைவு வந்திருக்கிறது. ஆர்.ஐ. சார் வாசித்துக் காட்டினார். அரசுப் புறம்போக்கில் ஊற்று, சுனை, ஓடை எது இருந்தாலும், அது பதிவேட்டில் இல்லாவிட்டாலும், அதைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குக் கல் உடைக்கக்கூடாது. எந்த ஊரில் என்ன இருக்கிறது என்று வி.ஏ.ஓ.க்கள் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். படிவத்தில் வராதது இல்லாததாகவே கருதப்படும்.

"எல்லாரும் ஒண்ணும் இல்லன்னு நில் ரிப்போர்ட் போட்டுருங்கம்மா, தலைவலி விட்டுது" என்றார் ஆர்.ஐ. சார். எல்லாரும் சிரித்தோம்.

நொச்சிப்பாறைக் குவாரியின் குத்தகை ஜூனில் முடிகிறது. புதுக் குத்தகையில் ஊருக்கு மேற்கே உள்ள பாறைப் புறம்போக்கையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். போன தடவை குத்தகைக்கு "ஐந்நூறு மீட்டர் சுற்றளவில் நீராதாரம் எதுவும் இல்லை" என்று சான்று கொடுத்தது நான்தான். நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். மணலும் முள்ளும் கிடந்தது. இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா?

ஏப்ரல் 9, புதன்

ஜெபசிங் போன் செய்தார். "நில்தான மேடம்?" இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். "பாக்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு அங்க?" என்று கேட்டார்.

ஏப்ரல் 12, சனி

வேகாத வெயில். கிராம உதவியாளர் பொன்னுத்துரையோடு நொச்சிப்பாறைக்குப் போனேன். அறுபது வீடு. வீட்டுச் சுவர், வேப்பிலை, காயப்போட்ட பாவாடை எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசு படிந்திருக்கிறது. முன்பு இவ்வளவு இல்லை. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறதாம். அதுவும் உப்பு.

புறம்போக்கை நடந்து பார்த்தேன். நடுவில் ஒரு மணல் பள்ளம், அதன்மேல் உடைமுள் அடைந்து கிடக்கிறது. அன்றைக்குப் பார்த்தது மாதிரியே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வேட்டு போட்டார்கள். காலடி அதிர்ந்தது. அங்கிருந்து குவாரிக் குழியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது.

விறகுக்கட்டோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். "இந்தப் பக்கம் ஊத்து, சுனை எதுவும் இருக்கா?" என்று கேட்டேன்.

முன்னால் வந்தவள் முத்துப்பேச்சி. எனக்கு அவளைத் தெரியும். ஐம்பது வயது இருக்கும், இந்த ஊரில் வாயுள்ள பெண் அவள்தான். நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான இல்லன்னு எழுதிருக்கீய? பொறவு எங்கக்கிட்ட என்ன கேக்கீய?"

போய்விட்டாள். என்ன கொழுப்பு! அவள் தலைமேல் இருந்த விறகுக்கட்டிலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. காய்ந்த விறகு எதற்குச் சொட்ட வேண்டும் என்று பொன்னுத்துரையிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. லீவு. கனி பார்த்தது, பாயசம், துணி துவைத்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஒன்பதாவதாக இருக்கிறதாம். அடுத்த வருஷம் ஆர்.ஐ. ஆகிவிடலாம். வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மோட்டாருக்குக் காயில் கட்டும் மனுஷனுக்கு இந்த வாய் எங்கிருந்துதான் வருகிறதோ!

ஏப்ரல் 17, வியாழன்

ஜெபசிங் நேரில் வந்தார். மரியாதையான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். என் பழைய சான்றின் நகலை மேஜையில் வைத்தார். என் கையெழுத்து, என் முத்திரை, மே மாதம் பத்தொன்பதாம் தேதி.

"ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு கொண்டாந்தேன் மேடம். ஒரே இடத்துக்கு ஒரே ஆள் ரெண்டு மாதிரி எழுதுனா, கேக்கிறவன் உங்களத்தான கேப்பான்? நமக்கு உங்க மேல ரொம்ப மரியாத."

நான் என்ன திருடியா? அன்றைக்கு அந்த ஆள் கொடுத்த இளநீரைக்கூட வாங்கவில்லை. முத்துப்பேச்சி வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர் குடிப்பது ஒரு குற்றமா?

ஏப்ரல் 18, வெள்ளி

பிரிண்டர் செத்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ஐந்தரைக்கே கிளம்பி, யாரையும் கூட்டாமல் என் ஸ்கூட்டரில் நொச்சிப்பாறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தச் சொட்டு மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

விடிந்துகொண்டிருந்தது. மணல் பள்ளத்தில் மூன்று பெண்கள். முள்ளை ஒதுக்கி, மணலைத் தள்ளி, கீழே கிடந்த பனையோலைப் பாயைச் சுருட்டி, அதற்கும் கீழே கிடந்த பலகைக்கல்லை நகர்த்தியிருந்தார்கள். உள்ளே தண்ணீர். ஒருத்தி குனிந்து கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினாள். நிறைந்த குடத்தைச் சுற்றி விறகை நிற்கவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பார்க்கிறவனுக்கு அது வெறும் விறகுக்கட்டு. பிறகு கல், பாய், மணல், முள். கடைசியில் ஒருத்தி வேப்பங்குழையால் காலடித் தடத்தைக் கூட்டினாள்.

திரும்பியவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். முத்துப்பேச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பாத்துட்டீயளா?"

"பாத்துட்டேன்."

"செரி. பாத்தவங்ககிட்ட மறைச்சி என்ன ஆவப்போவுது, இரியுங்க."

பாறையில் உட்கார்ந்து சொன்னாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரிக்காரன் இந்த ஊற்றைக் கண்டுபிடித்து, மோட்டாரை வைத்து இருபது நாள் உறிஞ்சியிருக்கிறான். ஊற்று திரும்ப ஊற ஒன்றரை வருஷம் ஆயிற்றாம். அன்றைக்கு ஊர் கூடி, சுடலைமாடன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மாசியில் மூடினால் ஐப்பசி மழைக்குத்தான் திறப்பு. இடையில் வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு குடம். ஊற்று இருக்கிறது என்று வெளியாள் காதில் ஒரு சொல் விழக்கூடாது.

"அதான் அன்னைக்கு நீங்க வந்தப்பவும் நாங்க மூச்சு விடல. எங்களுக்கு என்ன தெரியும், நாங்க லாரிக்காரனுக்கு ஒளிச்சத நீங்க இல்லன்னு எழுதிக் குடுத்துருவீயன்னு?"

"இப்ப தண்ணி எவ்வளவு இருக்கு?"

"முன்னால இடுப்பளவு நிக்கும். குழி ஆழம் போவப் போவ இங்க எறங்குது. இப்ப முழங்காலுக்குக் கீழ. வேட்டு போட்ட அன்னைக்கு அரிசி கழுவுன தண்ணி மாரி வருது. குழிய இங்கன வரைக்கும் கொண்டாந்தான்னா முடிஞ்சிது சோலி. நாங்க பாத்திரம் பண்டத்தத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். முப்பதாம் தேதிக்குள் பெயர் ஏறினால் ஊற்றுக்குக் காவல், ஏறாவிட்டால் குழி என்றேன். ஊர்க்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொன்னாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

கோயில் முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு முள்மேல் இருந்த மாதிரிதான் இருந்தது.

ஒரு மணி நேரம் சண்டை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பாதிப் பேர். எழுதினால் அது பேப்பர், பேப்பர் போனால் ஆபீஸ், ஆபீசுக்குப் போனது ஊருக்கெல்லாம் தெரியும், மறுநாளே லாரி வந்து நிற்கும் என்று மீதிப் பேர். பழனிவேல் என்று ஒருவர், டிராக்டர் ஓட்டுகிறவர், எழுந்து நேராக என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு லாரிக்காரன் கையில தண்ணி எடுக்கலாம்னு ஒரு சீட்டு இருந்துச்சே, அது எந்த ஆபீஸ்ல குடுத்தது? இங்க ஒண்ணும் இல்லன்னு எழுதுனது எந்த ஆபீஸு? இப்ப மூணாவதா ஒரு பேப்பரத் தூக்கிட்டு வாரீய. இத மட்டும் நாங்க எப்பிடி நம்ப?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்க யாராவது ஒருத்தர் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா நான் ஏன் அப்பிடி எழுதப் போறேன்?" என்று கத்திவிட்டேன்.

முத்துப்பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து ஒன்றுகூட விழவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்று கலைந்தார்கள்.

ஸ்கூட்டர் வரை முத்துப்பேச்சி கூடவே வந்தாள்.

"யம்மா, நாங்க சொல்ல முடியாது. சூடத்த அணைச்சிட்டோம். நீங்க அணைக்கலயே?"

"நான் எத வச்சிச் சொல்லுவேன் முத்துப்பேச்சி? ஆதாரம் கேப்பாங்க."

"அன்னைக்கு என் வீட்டு நடையில உக்காந்து ஒரு சொம்ப ஒரே மூச்சுல குடிச்சீயளே. அது போதாதா?"

ஏப்ரல் 26, சனி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மே பத்தொன்பது. பகல் ஒரு மணி. மணல் பள்ளத்தைப் பார்த்துவிட்டு முத்துப்பேச்சி வீட்டு நடையில் உட்கார்ந்தேன். தலை சுற்றியது. அவள் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். பித்தளைச் சொம்பின் வெளியே வியர்த்திருந்தது. தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சி, சொட்டு உப்பு இல்லை. அந்த ஊரில் அப்போது குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பானைத் தண்ணீர் எட்டு நாளில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன பட்டணத்தில் பிறந்தவளா?

இது எங்கிருந்து வந்தது என்று தோன்றியது. வாய் வரைக்கும் கேள்வி வந்தது. கேட்டிருந்தால் எழுத வேண்டும். எழுதினால் வரைபடம், சர்வேயரோடு கூட்டுத் தணிக்கை, மூன்று ஆபீசுக்குக் கடிதம். அன்றைக்கு இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. "ஆச்சாம்மா?" என்று ஆபீசிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. சொம்பைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்தே "இல்லை" என்று எழுதினேன்.

நேற்று அத்தனை பேர் முன்னால், நீங்கள் சொல்லவில்லை என்று அவர்கள்மேல் பாய்ந்தேனே, எனக்கு வெட்கமே இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டார்.

"வடிவு, நீ இப்ப ஊத்து இருக்குன்னு மட்டும் எழுது. போதும். சொம்பு கிம்புன்னு எதுக்கு இழுக்க?"

"படிவத்துல ஆதாரம்னு ஒரு கலம் இருக்கு. ஊர்க்காரங்க கையெழுத்து இல்ல. பதிவேட்டுல இல்ல. வெறுங்கலமா விட்டா மேல நிராகரிச்சிருவாங்க."

"போட்டோ எடுத்து வையி."

"எடுத்தா என்னைக்கு எடுத்ததுன்னு கேப்பாங்க. ஊத்து நேத்துதான் தோண்டுனதுன்னு ஜெபசிங் சொல்லுவாரு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாலயே இருந்துதுன்னு சொல்ல இந்த ஒலகத்துல சத்தியம் பண்ணாத ஒரே ஆளு நான்தான்."

காயிலைத் திரும்பக் கையில் எடுத்தார். "ஒன்பதாவது எடம்டி" என்றார். அப்புறம் எழுந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நாள். படிவத்தைக் கையால் எழுதினேன்.

ஏழாவது கலம், ஆதாரம்: "ஐந்து ஆண்டுகளுக்கு முன் மே 19 அன்று, இந்த ஊற்றின் நீரைக் கீழே கையொப்பமிடும் கிராம நிர்வாக அலுவலர் குடித்துள்ளார். அதே நாளில் நீராதாரம் இல்லை என அவர் அளித்த சான்று தவறானது."

ஆர்.ஐ. சார் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா இது? உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடுறீங்களே! இத கிழிச்சிட்டு வேற எழுதிட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

"இதுக்கு ரசீது போட்டுக் குடுங்க சார்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். முத்திரை போடுங்க."

போட்டார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

மே 5, திங்கள்

மெமோ வந்துவிட்டது. பொய்ச் சான்று அளித்தது குறித்துப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலில் இனி என் பெயர் இருக்காது. வீட்டுக்காரர் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போகிறார். அழுதேன்.

மே 13, செவ்வாய்

கூட்டுத் தணிக்கை. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி, சர்வேயர், ஆர்.ஐ. சார், ஜெபசிங். ஊரே பாறைமேல் நின்றது.

"எங்கம்மா ஊத்து?" என்றார் அதிகாரி. முள்ளைக் காட்டினேன். "இது மணல்தானம்மா?" ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெபசிங் லேசாகச் சிரித்தார்.

நானே இறங்கினேன். முள் கையைக் கிழித்தது. மண்டியிட்டு மணலைத் தள்ளினேன். நாற்பத்தெட்டு வயதில், அத்தனை பேர் பார்க்க, சேலையெல்லாம் மண். பாயை இழுத்துப் போட்டேன். பலகைக்கல் அசையவில்லை. மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முத்துப்பேச்சி இறங்கி வந்தாள். "ஏட்டி, என்னத்துக்கு நிக்கீய? சொல்லக்கூடாதுன்னுதான் சத்தியம். கல்லப் பொரட்டக்கூடாதுன்னு எவ சத்தியம் பண்ணுனா?" என்று மேலே பார்த்துக் கத்தினாள். ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். பழனிவேலும் வந்தார். கல் நகர்ந்தது.

கெண்டைக்கால் அளவுதான் தண்ணீர். அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. சர்வேயர் அளந்தார். குவாரி விளிம்பிலிருந்து நூற்றுப் பத்து மீட்டர்.

அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஒரு வரி எழுதாம விட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். முத்துப்பேச்சி சொம்பில் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க. இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

பல்லில் நறநறவென்று கல்மாவு கடிபட்டது. அன்றைக்கு இருந்த ருசி இல்லை. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மே 16, வெள்ளி

நீராதாரப் பட்டியலில் ஊற்று ஏறிவிட்டது. விதி இன்னும் வரைவாகவே இருக்கிறது. புதுக் குத்தகையை நிறுத்திவைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. பழைய குழியில் வேட்டு நிற்கவில்லை.

நேற்று ஊர்முனையில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றதாம். பெண்கள் குடத்தோடு போய்ச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக்கும் வரும் என்கிறார் பொன்னுத்துரை. மூடி வைத்திருந்த வரை அவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதையும் நான்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

மே 19, திங்கள்

இன்றைக்குத்தான் அதே தேதி. நாளை கெடு. விளக்கம் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். வேலைப்பளு, நேரமின்மை, ஊர்க்காரர்கள் தகவல் தராமை என்று வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த வரைவு ஒன்று இருக்கிறது. எல்லாம் உண்மைதான், அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம், அதனால்தான் அதில் கையெழுத்துப் போட முடியவில்லை.

மெமோவில் உள்ள கேள்வி: "நீரைக் குடித்த பின்னரும் அதன் ஆதாரத்தை விசாரிக்காதது ஏன்?"

நான் எழுதிய பதில் இது. நாளை காலை கொடுத்துவிடுவேன்.

"ஐயா, எனக்கு மிகவும் தாகமாக இருந்தது. கொடுத்தார்கள், குடித்தேன். என் தாகம் தீர்ந்துவிட்டதால் கேட்கவில்லை."